டயாலிசிஸில் 11 ஆண்டுகள்: கிளைட் ஷீல்ட்ஸ், சியாட்டில், 1960–1971

நோயாளி: ஆண், வயது 39, அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த மெஷினிஸ்ட். நோய்: நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, இறுதிக் கட்டம். பெயர் கிளைட் ஷீல்ட்ஸ். 1960 மார்ச் 9 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவருடைய முன்கையில் இரண்டு டெஃப்லான் குழாய்களைப் பொருத்தினார்கள். அன்றைய நிலையில் அவருக்கு மிஞ்சியிருந்தது சில வாரங்கள்தான். அவர் 1971 வரை வாழ்ந்தார். இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்யாத நிலையில் டயாலிசிஸை மட்டுமே நம்பி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த முதல் மனிதர் என்று மருத்துவ வரலாறு அவரைத்தான் குறிப்பிடுகிறது.

60 ஆண்டுக்கு முந்தைய ஒரு அமெரிக்கரின் கதை இன்று எதற்கு என்று கேட்கலாம். இன்று டயாலிசிஸ் மையத்துக்கு வருகிறவர்களுக்கு நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஷீல்ட்ஸிடமும், அதே ஆண்டில் அவரை அடுத்துச் சேர்ந்த இரண்டு மூன்று பேரிடமும் முதலில் வெளிப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் விடை தேடியவர்கள் அவர்களைக் கவனித்த சியாட்டில் மருத்துவர்களின் சிறிய குழுவினர். சில விடைகளை உலகம் எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் வசதியாக ஓரம் கட்டிவிட்டது. டயாலிசிஸ் எவ்வளவு நேரம், வாரத்துக்கு எத்தனை முறை என்பதற்கான விடை அது.

1960-க்கு முன்பு இருந்த தடை

டயாலிசிஸ் இயந்திரம் அப்போது புதிதல்ல. நெதர்லாந்தின் காம்பென் ஊரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், 1943-ல் வில்லெம் கோல்ஃப் அதைச் செய்து முடித்திருந்தார். 1945-ல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் அதனால் பிழைத்து எழுந்தார். ஆனால் அது திடீர்ச் செயலிழப்புக்கான கருவி. அடிபட்டோ, பிரசவச் சிக்கலாலோ, நச்சுப் பொருளாலோ சிறுநீரகம் நின்றுபோனால், அது தானாக மீளும்வரை இரண்டு மூன்று வாரம் ஆளைத் தாங்கிப் பிடிக்கும். அதற்கு மேல் முடியாது.

முடியாததற்குக் காரணம் இயந்திரம் அல்ல, ரத்தக் குழாய். ஒவ்வொரு முறையும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டித் திறந்து குழாய் செருக வேண்டும். முடிந்ததும் கட்டிவிட வேண்டும். கட்டிய குழாய் திரும்ப உதவாது. கை கால்களில் அப்படி எத்தனை இடம் இருக்கும்? சில முறைகளிலேயே தீர்ந்துவிடும். ஆகவே நாள்பட்ட நோயாளிகளை இயந்திரத்தில் போடுவதே இல்லை. போட்டால் சாவைச் சில நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவருக்கு இந்த நிலை நேரிலேயே அமைந்தது. ஸ்போகேன் நகரிலிருந்து ஒருவர் நினைவு தப்பிய நிலையில் வந்தார். திடீர்ச் செயலிழப்பு என்று நினைத்து டயாலிசிஸ் செய்தார்கள். நினைவு திரும்பியது, எழுந்து உட்கார்ந்தார், பேசினார். பிறகுதான் அவருடைய சிறுநீரகம் மீளாத வகையில் கெட்டுவிட்டது தெரிந்தது. குடும்பத்தாரிடம் விவரம் சொல்லி, வீட்டில் இறக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். அதன்பின் ஒரு நாள் அதிகாலையில் விழித்துக்கொண்டபோது வழி தோன்றியதாக ஸ்கிரிப்னர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்: குழாய்களைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டால்?

விட்டுவிட்டால் ரத்தம் உறையும். உறையாமல் இருக்க அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தமனியில் ஒரு குழாய், பக்கத்துச் சிரையில் ஒரு குழாய். டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே வளைவான ஒரு துண்டால் இணைத்துவிட்டால், இதயம் தள்ளுகிற ரத்தம் தமனியிலிருந்து வெளியே வந்து சிரை வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மருத்துவமனைப் பொறியாளர் வெய்ன் குவின்டன் டெஃப்லானைச் சூடுகாட்டி வளைத்து அதைச் செய்து கொடுத்தார். எதுவும் ஒட்டாத அந்தப் பொருள் அறுவை சிகிச்சைக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பொருத்தியவர் டேவிட் டில்லார்ட் என்ற அறுவை மருத்துவர். இந்த அமைப்புக்கு ஷண்ட் என்று பெயர்.

கையில் கட்டுப்போட்ட வளையத்துக்குள் சொந்த ரத்தம் தோலுக்கு வெளியே ஓடுவதைச் சுமந்துகொண்டுதான் ஷீல்ட்ஸ் நடமாடினார். அந்த இணைப்பு கழன்றால் சில நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. துளை வழியாகக் கிருமி புகும், குழாய் அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டிவரும். 1962-ல் தோலுக்குள் போகும் பகுதியை மெத்தென்ற சிலிக்கோன் ரப்பரால் செய்தபின் ஷண்ட்களின் ஆயுள் கூடியது. தோலுக்கு அடியில் தமனியையும் சிரையையும் நேரடியாகத் தைத்து இணைக்கும் ஃபிஸ்டுலா 1966-ல் நியூயார்க்கின் சிமினோ, பிரெஷியா குழுவிடமிருந்து வந்தது. இன்று கையில் 'சர்ர்' என்று அதிரும் ஃபிஸ்டுலாவைத் தடவிப் பார்க்கும் நோயாளிகள் ஷண்ட் என்ற பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். நல்லதுதான். என்றாலும் கழுத்துச் சிரையில் தற்காலிகமாகச் செருகிய குழாயோடு மாதக்கணக்கில் திரிகிறவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிறுநீரகம் முற்றிலும் நிற்பதற்குச் சில மாதம் முன்பே ஃபிஸ்டுலா போட்டுவிட்டால் தவிர்த்திருக்கக்கூடிய தொல்லை அது. கழுத்துக் குழாயில் வரும் கிருமித் தொற்று ஷண்ட் காலத்துத் தொற்றைவிட எந்த வகையிலும் சாதுவானது அல்ல.

முதல் மாதங்கள்: ரத்த அழுத்தமும் உப்பும்

குழாய் இருக்கிறது. இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது? யாருக்கும் தெரியாது. அதற்கு முன் யாரும் செய்ததில்லை. குமட்டலும் வாந்தியும் திரும்பத் தலைகாட்டினால் செய்யலாம் என்று தொடங்கினார்கள். சுமார் வாரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேர அளவுக்கு நீளும் அமர்வு. பெரிய தொட்டியில் குளிரூட்டிய டயாலிசிஸ் நீர்மம், மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் அந்த நீர்மம். ரத்தத்தில் தேங்கும் கழிவான யூரியா தணிந்தது, வாந்தி நின்றது, ஷீல்ட்ஸ் சாப்பிட ஆரம்பித்தார்.

ரத்த அழுத்தம் மட்டும் கட்டுக்குள் வரவில்லை. கண்ணையும் மூளையையும் பறித்துவிடக்கூடிய அளவுக்கு ஏறி நின்றது. அன்றைக்கு இருந்த பி.பி. மருந்துகள் கொஞ்சம், பக்கவிளைவுகள் அதிகம். ஸ்கிரிப்னர் குழு வேறு பக்கம் திரும்பியது. உடம்பில் தேங்கிய நீரை ஒவ்வொரு அமர்விலும் விடாப்பிடியாக இறக்கினார்கள். சாப்பாட்டில் உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தார்கள். அழுத்தம் இறங்கியது. 1960-ல் செயற்கை உறுப்புகளுக்கான அமெரிக்கச் சங்கத்தின் தொகுதியில் வந்த அவர்களுடைய கட்டுரைகளிலேயே இந்தப் பாடம் பதிவாகிவிட்டது. டயாலிசிஸ் நோயாளியின் ரத்த அழுத்தம் பெரும்பாலும் நீரும் உப்பும் சார்ந்த விஷயம். மாத்திரைக்கு இரண்டாம் இடம்.

இதை நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் இன்றும் தினமும் தப்பாக நடக்கும் காரியம் இது. 'தண்ணி குறைச்சுக் குடிங்க' என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். நோயாளி நாக்கு வறண்டு, ஐஸ் கட்டியைச் சப்பி, கடைசியில் தாங்காமல் குடித்துவிட்டு, அடுத்த அமர்வுக்கு நான்கு கிலோ கூடுதலாக வந்து திட்டு வாங்குகிறார். ரத்தத்தின் சோடியம் அளவை உடல் கறாராகக் காக்கும். சுமார் 8 கிராம் உப்பு உள்ளே போனால், அதைக் கரைத்து வைக்க ஒரு லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்வரை தாகம் விடாது. சிறுநீர் போகாதவருக்கு உப்பு வெளியேற வேறு பெரிய வழி கிடையாது. ஆகவே காலையில் ஊறுகாய், மதியம் அப்பளமும் கருவாடும், மாலையில் மிக்சர் என்று சாப்பிட்டவரிடம் தண்ணீரைக் குறைக்கச் சொல்வது நடக்காத வேலை. உப்பைக் குறைத்தால் தாகம் தானாகக் குறையும். குறைந்த சோடியம் என்று விற்கும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் இருப்பதால் டயாலிசிஸ் நோயாளிகள் அதன் பக்கமே போகக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

நீரை இறக்குவதற்கும் நேரம் தேவை. ஊசி வழியே வெளியே வருவது ரத்தத்தில் இருக்கும் நீர் மட்டுமே. காலிலும் நுரையீரலிலும் கோத்திருப்பது மெல்ல ரத்தத்துக்குள் வந்து சேர வேண்டும். நான்கு கிலோவை நான்கு மணி நேரத்தில் இழுத்தால் ரத்தக் குழாய் காலியாகி அழுத்தம் தடாலென விழும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், கொட்டாவி வரும், தலை சுற்றும். செவிலியர் இயந்திரத்தை நிறுத்தி, கையோடு உப்பு நீரை ஏற்றுவார். வீடு போகும்போது நோயாளிக்கு அகோரப் பசியும் தாகமும். அதே நான்கு கிலோவை எட்டு மணி நேரத்தில் இறக்கினால் இந்த நாடகம் பெரும்பாலும் நடக்காது. ஷீல்ட்ஸுக்கு நாள் முழுக்க நீண்ட அமர்வுகள் கிடைத்தது யாரும் திட்டமிட்டதல்ல. அன்றைய சவ்வு மெதுவாக வேலை செய்தது, வேறு வழியில்லை. அந்த மெதுவே அவருடைய பி.பி.யை அடக்கியது.

கால் எரிச்சல் சொன்ன செய்தி

முதல் ஓரிரு ஆண்டுகளில் ஷீல்ட்ஸிடமும் உடனிருந்த நோயாளிகளிடமும் புதுப்புதுக் குறைகள் எழுந்தன. யூரியா நோயால் செத்துப்போனவர்களிடம் யாரும் பார்த்திராத குறைகள், ஏனென்றால் அவை வருமளவுக்கு அதற்கு முன் யாரும் உயிரோடு இருந்ததில்லை. மூட்டுகளில் கௌட் என்ற வீக்கமும் வலியும். மூட்டுகளைச் சுற்றியும் மென்தசைகளிலும் சுண்ணாம்புப் படிவு, பாஸ்பரஸ் வெளியேறாததால் வந்தது. பாதத்தில் தொடங்கி மேலேறும் எரிச்சல், மரத்துப்போதல், பின்பு கால் தசை பலமிழந்து நடை தடுமாறல்.

எல்லாவற்றிலும் அதிகம் பயமுறுத்தியது கடைசியாகச் சொன்ன நரம்புப் பாதிப்புதான். ரத்தப் பரிசோதனையில் யூரியா ஏற்றுக்கொள்ளும் அளவில்தான் இருக்கும், ஆளும் தெளிவாகத்தான் இருப்பார், ஆனால் கால் செயலிழந்துகொண்டே போகும். மருந்து எதுவும் உதவவில்லை. டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டி, வாரத்துக்கு இருமுறை ஆக்கியபோது பாதிப்பு வளர்வது நின்றது, பலருக்குக் கால் பலம் மெல்லத் திரும்பியது. அடுத்த சில ஆண்டுகளில் மூன்று முறை என்றானது. உலகம் முழுவதும் இன்று வழக்கத்தில் இருக்கும் 'வாரம் மூன்று' என்ற கணக்கு பெரிய ஆய்வுகளில் பிறந்ததல்ல. நோயாளிகளின் கால்கள் சொல்லிக்கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையோடும் பொருந்திப்போனது.

இன்னொரு புதிரையும் ஸ்கிரிப்னர் கவனித்தார். வயிற்றறைக்குள் நீர்மம் செலுத்தி எடுக்கும் பெரிடோனியல் டயாலிசிஸ் நோயாளிகளும் சியாட்டிலில் இருந்தார்கள். வயிற்றில் நிரந்தரமாக வைக்கும் குழாயை 1968-ல் அதே ஊரில் உருவாக்கியவர் ஹென்றி டென்காஃப். நம் ஊரில் சி.ஏ.பி.டி. என்ற பெயரில் வீட்டிலேயே இந்த வயிற்று டயாலிசிஸ் செய்கிறவர்களின் வயிற்றில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குழாயின் வழிவந்ததே. அந்த நோயாளிகளின் ரத்தத்தில் யூரியா அதிகமாகவே இருந்தது, ஆனால் நரம்புப் பாதிப்பு குறைவு. அப்படியானால் குற்றவாளி யூரியா அல்ல, அதைவிடப் பெரிய ஏதோ மூலக்கூறு. வயிற்றுச் சவ்வு அதை விடும், இயந்திரத்தின் செயற்கைச் சவ்வு லேசில் விடாது. சிறிய மூலக்கூறான யூரியா முதல் ஓரிரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விடும். பெரிய மூலக்கூறுகள் மெதுவாகத்தான் போகும், அவற்றுக்கு மணிக்கணக்கு முக்கியம். 'நடுத்தர மூலக்கூறு' என்று பெயர்பெற்ற இந்தக் கருத்தை ஸ்கிரிப்னரும் பொறியியல் பேராசிரியர் ஆல்பர்ட் பாப்பும் 1970-களின் தொடக்கத்தில் முன்வைத்தார்கள். பல ஆண்டு டயாலிசிஸில் இருந்தவர்களின் மணிக்கட்டிலும் எலும்பிலும் படிந்து, கை விரல்களை மரக்கச் செய்யும் பொருள் பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று ஜப்பானில் 1985-ல் கண்டுபிடித்தார்கள். அது யூரியாவைவிடப் பல மடங்கு பெரிய மூலக்கூறு. ஸ்கிரிப்னர் கணித்தது சரிதான்.

ரத்தசோகையைப் பற்றிச் சுருக்கமாக. கெட்ட சிறுநீரகம் எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைத் தராது, எலும்பு மஜ்ஜை சோம்பிவிடும். ஷீல்ட்ஸ் காலத்தில் ரத்தம் ஏற்றுவது ஒன்றே வழி, கூடவே மஞ்சள்காமாலைக் கிருமியும் வரும். 1963 வாக்கில் ஸ்கிரிப்னரிடம் பயில வந்த ஜோசஃப் எஷ்பாக் இந்தச் சிக்கலையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். செயற்கை எரித்ரோபொய்டின் ஊசி நோயாளிகளிடம் வேலை செய்வதை அவரும் கூட்டாளிகளும் 1987-ல் அறிவித்தார்கள். 1989-ல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது. ஷீல்ட்ஸ் இறந்து அப்போது 18 ஆண்டுகள்.

யாருக்கு இடம்?

முதல் சில நோயாளிகள் சாகாமல் இருந்ததே நிர்வாகத்துக்குச் சிக்கலாகிவிட்டது. வழக்கமான சிகிச்சையில் ஒருவர் குணமாவார் அல்லது இறப்பார், படுக்கை காலியாகும். இவர்கள் இரண்டும் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுக்கச் செலவு. பல்கலைக்கழக மருத்துவமனை இனிப் புது ஆளைச் சேர்க்க முடியாது என்றது. ஸ்கிரிப்னரும் ஜேம்ஸ் ஹேவிலாண்டும் ஊர் மருத்துவச் சங்கத்தின் துணையோடு அறக்கட்டளைப் பணம் திரட்டி, 1962 ஜனவரியில் ஸ்வீடிஷ் மருத்துவமனையின் செவிலியர் விடுதி அடித்தளத்தில் தனி மையம் ஒன்றைத் திறந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே இயங்கிய உலகின் முதல் டயாலிசிஸ் மையம் அது. இரவில் வந்து படுத்து, காலையில் எழுந்து வேலைக்குப் போகும் முறையும் அங்கே பழகியது.

இருந்த படுக்கைகள் மிகக் கொஞ்சம். மருத்துவக் குழு உடல்நிலையைப் பார்த்து வடிகட்டும். அதற்குப் பிறகும் மிஞ்சுகிறவர்களில் யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய, பெயர் வெளியிடாத ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். அதில் வழக்கறிஞர், பாதிரியார், வங்கியாளர், குடும்பத் தலைவி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர் ஆகியோர் இருந்தார்கள். வயது, மணமானவரா, எத்தனை பிள்ளைகள், வருமானம், படிப்பு, சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்கள். 1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்ஸாண்டர் இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. மருத்துவ அறவியல் என்ற துறை வேரூன்றியதற்கு இந்தக் குழுவும் ஒரு காரணம் என்பார்கள். அந்த ஏழு பேரைத் திட்டுவது எளிது. அவர்கள் செய்ததை வெளிப்படையாகச் செய்தார்கள். பணம் இருந்தவர் வந்தார், இல்லாதவர் நின்றுவிட்டார் என்று கமுக்கமாக நடக்கும் தேர்வு அதைவிட மேலானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. நாலு மாதம் டயாலிசிஸ் செய்து, நகை தீர்ந்ததும் வராமல் போனவர்களை நம் ஊர் மையங்கள் எத்தனையோ பார்த்திருக்கின்றன. அவர்களைப் பற்றி எந்த இதழும் அட்டைக் கட்டுரை போட்டதில்லை.

அந்தக் குழு வயதைக் காரணம் காட்டி மறுத்தவர்களில் ஒரு பள்ளி மாணவியும் உண்டு. பாப்பின் பொறியாளர்கள் சுமார் நான்கு மாதத்தில் அவருக்காக ஒரு சிறிய இயந்திரத்தைச் செய்து முடித்தார்கள். அடர்கரைசலைத் தண்ணீரோடு சரியான விகிதத்தில் தானே கலந்துகொண்டே ஓடும் இயந்திரம். பெரிய தொட்டி தேவையில்லை. 1964-ல் அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் நடந்தது. இன்று எந்த மையத்தில் எந்த நிறுவனத்தின் இயந்திரத்தைப் பார்த்தாலும், உள்ளே இருப்பது இதே கலக்கும் உத்திதான். அதே காலத்தில் சியாட்டிலில் வீட்டு டயாலிசிஸ் பழகிய முதல் சிலரில் மெட்ராஸிலிருந்து போன ஒரு தொழிலதிபரும் இருந்தார். பயிற்சி முடித்து ஊர் திரும்பி, இங்கே வீட்டில் டயாலிசிஸ் செய்துகொண்டார். இன்றைக்கும் நம்மிடையே அரிதாக இருக்கும் ஒரு சிகிச்சை முறை 1964-லேயே இந்த ஊருக்கு வந்துபோயிருக்கிறது.

1971

கிளைட் ஷீல்ட்ஸ் 1971-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 50-ஐ ஒட்டி. டயாலிசிஸில் 11 ஆண்டுகள்.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தலைநகர் வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால், நியூயார்க்கைச் சேர்ந்த நோயாளி ஷெப் கிளேசர் இயந்திரத்தோடு இணைந்தபடியே பேசினார். 1972 அக்டோபர் 30-ல் அதிபர் நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தால் டயாலிசிஸ் செலவை அரசுக் காப்பீடு ஏற்றது. 1973 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் குழுவுக்கு அதன்பின் வேலையில்லை.

ஷீல்ட்ஸின் இதயத்துக்கு வருவோம். 1974-ல் லிண்ட்னர், ஷார்ரா, ஷெர்ரார்ட், ஸ்கிரிப்னர் ஆகிய நால்வர் சியாட்டில் நோயாளிகள் 39 பேரின் வரலாற்றை வெளியிட்டார்கள். சராசரி 6.5 ஆண்டு சிகிச்சை. இறந்தவர்கள் 23 பேர். அதில் 14 சாவுகளுக்கு ரத்தக் குழாய் தடித்து அடைத்ததே காரணம். நீண்ட டயாலிசிஸ் குழாய்களை வேகமாக மூப்படையச் செய்கிறது என்று கட்டுரை சொன்னது. யூரியாவால் சாவதை நிறுத்தியாகிவிட்டது, இனி இவர்கள் இதயத்தால் சாவார்கள் என்பது அப்போதே தெளிவு. இன்றும் டயாலிசிஸ் நோயாளிகளின் சாவில் முதலிடம் இதயத்துக்கே.

டயாலிசிஸையே குற்றம் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. ஷீல்ட்ஸ் இயந்திரத்துக்கு வரும்போதே கடும் உயர் அழுத்தத்தோடு வந்தவர். பாஸ்பரஸ் கட்டுப்பாடு சரியாக இல்லாத காலம், சோகை தீராத காலம், புகைப்பழக்கம் பரவலாக இருந்த காலம். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பெர்னார் ஷார்ரா பிரான்ஸுக்குத் திரும்பி, லியோன் அருகே டாசன் மையத்தில் வேலை பார்த்தார். அங்கே பழைய சியாட்டில் பாணியைக் கைவிடவே இல்லை. வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் எட்டு மணி நேரம், குறைந்த உப்புச் சாப்பாடு. பி.பி. மாத்திரை தேவைப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. 1992-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் 87 சதவீதம், பத்து ஆண்டு தாண்டியவர்கள் 75 சதவீதம். சர்க்கரை நோயாளிகள் அங்கே குறைவு, ஆகவே இன்றைய நம் மையங்களோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் அது சின்ன எண்ணிக்கை அல்ல.

நேரம் எங்கே போனது?

1981-ல் முடிவு வெளிவந்த அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று, யூரியாவை எவ்வளவு குறைக்கிறோம் என்பதே முக்கியம், அமர்வின் நீளம் அவ்வளவு முக்கியமல்ல என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. நேரத்தின் விளைவு, தற்செயல் அல்ல என்று சொல்வதற்கான புள்ளியியல் எல்லையை மயிரிழையில் தவறவிட்டிருந்தது. தவறவிட்டதை 'இல்லை' என்று படித்தார்கள். நல்ல சவ்வுகள் வந்துவிட்டன, யூரியாவை மூன்று மணி நேரத்திலேயே இறக்க முடிந்தது, ஒரே நாற்காலியில் ஒரு நாளைக்கு இன்னொரு ஆளை உட்கார வைக்க முடிந்தது. கணக்கு எல்லாருக்கும் பிடித்துப்போனது. பத்தாண்டுக்குள் அமெரிக்க நோயாளிகளின் சாவு விகிதம் ஐரோப்பாவையும் ஜப்பானையும்விட அதிகம் என்று பேச்சு எழுந்து, குறைந்தது நான்கு மணி நேரம் என்ற திசைக்கு மெல்லத் திரும்பினார்கள்.

ஸ்கிரிப்னர் கடைசிவரை இதை விடவில்லை. 2002-ல், இறப்பதற்கு முந்தைய ஆண்டில், அவரும் டொரான்டோ மருத்துவர் ஓரியோபௌலோஸும் ஒரு எளிய வாய்ப்பாடு கொடுத்தார்கள்: ஒரு அமர்வின் மணி நேரத்தை, வாரத்துக்கு எத்தனை அமர்வு என்பதன் வர்க்கத்தால் பெருக்கு. வாரம் மூன்று முறை, நான்கு மணி என்றால் 36. டாசன் முறையில் 72. எழுபதை ஒட்டி வந்தால் நன்று என்றார்கள். நம் ஊரில் பரவலாக இருக்கும் வாரம் இரண்டு, நான்கு மணி என்றால் 16. மணியைவிட எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு எடை? இடைவெளிதான் கொல்கிறது என்பதால். 2011-ல் அமெரிக்காவில் 32,065 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, வாரம் மூன்று முறை செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் இடைவெளி முடியும் நாளில் சாவும் மாரடைப்பும் மற்ற நாட்களைவிடக் கூடுதலாக இருந்தது. வாரம் இரண்டு முறை செய்கிறவருக்கு எல்லா இடைவெளியும் அப்படிப்பட்டதே.

இந்த வாய்ப்பாடு வேதவாக்கு அல்ல. வாரம் ஆறு முறை செய்து பார்த்த 245 பேர் ஆய்வு 2010-ல் வந்தது. இதயத் தசையின் தடிமன் குறைந்தது, உடல்நலம் பற்றி நோயாளிகளே சொன்ன மதிப்பீடு உயர்ந்தது, ஆனால் ஃபிஸ்டுலாவில் பழுது பார்க்க வேண்டிய தடவைகளும் கூடின. இரவு முழுக்க நீளும் டயாலிசிஸைச் சோதித்த சிறிய ஆய்வு தெளிவான நன்மையைக் காட்டவில்லை. மிச்சமிருந்த சிறுநீர் சீக்கிரம் வற்றிப்போவதாகவும் தெரிந்தது. அந்த மிச்சம் பொன் போன்றது. நாளைக்கு அரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கு, அந்தச் சிறுநீரகம் ஞாயிறு, திங்கள் பாராமல் கொஞ்சம் நீரையும், இயந்திரம் எளிதில் எடுக்க முடியாத நடுத்தர மூலக்கூறுகளையும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அவருக்கு வாரம் இரண்டு முறை நியாயமான சிகிச்சையாக இருக்கலாம். தொடர்ந்து வலி மாத்திரை போட்டுக்கொள்வதும், டயாலிசிஸின்போது அடிக்கடி அழுத்தம் விழுவதும் அந்த மிச்சத்தை அழிக்கும்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் டயாலிசிஸ் கட்டணம் பெரும்பாலோருக்குப் பிரச்சினையாக இல்லை. பஸ் செலவும், கூட வருகிறவரின் ஒரு நாள் கூலியும், மையத்தில் காலியிடமும்தான் மூன்றாவது நாளைத் தீர்மானிக்கின்றன. இதை நோயாளியின் சோம்பல் என்று எழுதுகிற மருத்துவக் குறிப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. முதல் ஆண்டு சிறுநீர் நன்றாகப் போகும்போது எழுதிய 'வாரம் இரண்டு' என்ற சீட்டு, மூன்று ஆண்டு கழித்துச் சிறுநீர் அறவே நின்றபிறகும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. எடை கூடுகிறது, பி.பி. மாத்திரை ஒன்றிலிருந்து நான்காகிறது, பாதம் எரிகிறது, யாரும் அந்தப் பழைய சீட்டை எடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு டயாலிசிஸுக்கு இடைப்பட்ட ஒரு நாளில், 24 மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் சேர்த்து அளந்து மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். 100 மில்லிக்குக் கீழே வந்துவிட்டது என்றால், மூன்றாவது நாளைப் பற்றி அன்றைக்கே பேச வேண்டும்.